அகராதியில் இல்லாத கடைசி வார்த்தை

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் காரில் போகிறவர்களுக்கு, பார்ஸ்டோ என்ற ஊரைத் தாண்டியதும் வேடிக்கை பார்க்க அதிகம் எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் மொஹாவி பாலைவனம். மொட்டை மலைகள், உப்புப் பூத்த தரை, கானல் நீர், அவ்வளவுதான். பின் சீட்டில் இருப்பவர்கள் பாதித் தூக்கத்துக்குப் போயிருப்பார்கள். அந்த நேரத்தில், பேக்கர் என்ற சிற்றூர் வருவதற்குப் பத்து கிலோமீட்டர் முன்னால், ஒரு பச்சைப் பலகை எல்லோரையும் எழுப்பிவிடும். அதில் ஒரு சாலையின் பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தால்: இசட், இசட், ஒய், இசட், எக்ஸ். ஏ, ஈ, ஐ, ஓ, யு என்ற ஐந்து உயிரெழுத்துகளில் ஒன்றுகூடக் கிடையாது!

உச்சரிப்பு 'ஜைசிக்ஸ்'. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ செவ்விந்தியப் பழங்குடிச் சொல்லாக இருக்குமோ என்று தோன்றும். ராணுவ ரகசியக் குறியீடோ என்றும் தோன்றலாம். பெயிண்ட் அடித்தவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாரோ என்றுகூடத் தோன்றும் :-) மூன்றுமே இல்லை. அது ஒரு விளம்பரம். ஒரு போலி டாக்டர் போட்ட விளம்பரம். அதை அரசாங்கமே தன் செலவில் இன்றுவரை நெடுஞ்சாலையில் நட்டு வைத்திருக்கிறது.

அந்த ஆளின் பெயர் கர்டிஸ் ஹோவ் ஸ்பிரிங்கர். ரேடியோவில் மதப் பிரசங்கம் செய்துகொண்டே மருந்து விற்றவர். 1944-ல் மனைவியோடு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அதுவரை இந்த இடத்துக்கு ஒரு பழைய பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஜைசிக்ஸ் என்று வைத்தார். காரணம்? ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தில் இதற்கு மேல் எதுவும் இல்லை என்று சொல்ல 'கடைசி வார்த்தை' என்பார்கள். உடல் ஆரோக்கியத்துக்குத் தன்னுடைய இடம்தான் 'கடைசி வார்த்தை' என்று காட்ட, ஆங்கிலத்தின் கடைசி வார்த்தையாக வரும்படி எழுத்துகளைக் கோத்துவிட்டார். சிலேடைதான் பெயருக்கு மூலம். வேறு எந்தப் புராணமும் கிடையாது.

சரி, உண்மையிலேயே இது ஆங்கிலத்தின் கடைசி வார்த்தையா? ஆங்கில அகராதி எதிலும் இப்படி ஒரு சொல் கிடையாது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் கடைசிச் சொல் 2017 முதல் 'ஜிஜிவா'. தென் அமெரிக்காவில் வாழும் ஒரு வகைக் கூன்வண்டின் பெயர் அது. தாமஸ் கேசி என்ற பூச்சியியல் ஆய்வாளர் 1922-ல் வைத்தது. பூச்சியாவது உயிரோடு இருக்கிறது, அதைக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. ஸ்பிரிங்கரின் சொல்லுக்குப் பொருளே இல்லை. (வடமொழி எழுத்துகளை ஒதுக்கிவிட்டால் தமிழ் அகராதியின் கடைசிப் பக்கத்தில் வௌவால் தொங்கிக்கொண்டிருக்கும். வரிசைப்படி கடைசி எழுத்து ன. ஆனால் ன-வில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. ஸ்பிரிங்கர் தமிழராகப் பிறந்திருந்தால் கொஞ்சம் கஷ்டப்பட்டிருப்பார்.)

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகிற கதை. இந்தப் பெயரைப் பற்றி எழுதுகிறவர்களில் பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தக் கூடாது என்பதுதான் இங்கே சொல்ல வருவது. ஏனென்றால் இந்தப் பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் கிடக்கிறது. அந்தப் பெயர் பொய் சொல்லவில்லை.

பாலைவனத்தில் ஊர்ப் பெயர் என்பது அழகுக்கு வைப்பது கிடையாது. அது ஒரு தகவல். அங்கே தண்ணீர் இருக்கிறதா, இருந்தால் குடிக்கலாமா என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும். இதே வட்டாரத்தில், மரணப் பள்ளத்தாக்குப் பகுதியில், ஸ்டவ்பைப் வெல்ஸ் என்று ஓர் இடம் உண்டு. அங்கே கிணற்றை அடிக்கடி மணல் மூடிவிடும். அதனால் அடுப்புப் புகைக்குழாய் ஒன்றை நட்டு அடையாளம் வைத்தார்கள். பெயரே 'புகைக்குழாய்க் கிணறு' ஆகிவிட்டது. பக்கத்திலேயே பேட்வாட்டர், அதாவது 'கெட்ட தண்ணீர்'. அங்கே தேங்கி நிற்கும் நீர் குடிக்க முடியாத அளவுக்கு உப்பு. தாகத்தோடு வருகிறவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் என்ன இருக்க முடியும்?

ஜைசிக்ஸின் பழைய பெயரும் இந்த ஜாதிதான். சோடா ஸ்பிரிங்ஸ். தமிழில் சொன்னால் சோடா ஊற்று. சோடா என்றால் பாட்டில் சோடா இல்லை. துணி வெளுக்கிற, சோப்பில் சேர்க்கிற சோடா உப்பு. மொஹாவி நதி என்று ஒன்று சான் பெர்னார்டினோ மலையில் பிறந்து, பெரும்பாலும் மணலுக்கு அடியிலேயே ஓடி, கடலைப் பார்க்காமலே இந்தப் பாலைவனத்துக்குள் முடிந்துபோகிறது. அது முடிகிற இடத்தில் பரந்து கிடக்கும் வெள்ளை வெளேரென்ற வறண்ட ஏரிக்குப் பெயர் சோடா ஏரி. அதன் மேற்குக் கரையில், மலையடிவாரத்தில், நிலத்தடி நீர் ஊற்றாக வெளியே வருகிறது. ஊற்று, உப்பு இரண்டையும் ஒரே பெயரில் சொல்லியாகிவிட்டது.

அந்த ஊற்றுக்காகத்தான் எல்லோரும் அங்கே வந்தார்கள். பசிபிக் கடற்கரையிலிருந்து சிப்பிகளை வாங்கி வந்து வியாபாரம் செய்த மொஹாவி இன மக்களின் நடைபாதை இந்த வழியாகப் போனது. 1776-ல் பிரான்சிஸ்கோ கார்செஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் அந்த மக்களை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு இந்தப் பாதையில் நடந்தார். 1826-ல் ஜெடெடையா ஸ்மித் வந்தார். 1860-களில் அமெரிக்க ராணுவம் ஊற்றுக்குப் பக்கத்தில் காவல் முகாம் போட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டோனோபா அண்ட் டைட்வாட்டர் ரயில் பாதை வந்தது. இங்கே சோடா என்ற பெயரில் ஒரு நிறுத்தம் இருந்தது. அந்த ரயில் 1940-ல் நின்றுபோனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஆள் இல்லை, ரயில் இல்லை, தண்ணீர் மட்டும் இருந்தது. ஸ்பிரிங்கர் வந்தது அந்தச் சமயம் பார்த்துத்தான்.

தண்ணீரைச் சொல்லும் பெயர்களை மாற்றியவர்களில் ஸ்பிரிங்கர் முதல் ஆள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரயில்வே கம்பெனிகள் ஏற்கெனவே அந்த வேலையைத் தொடங்கிவிட்டன. பார்ஸ்டோ என்பது சான்டா ஃபே ரயில்வேயின் தலைவர் வில்லியம் பார்ஸ்டோ ஸ்ட்ராங்கின் பெயரில் பாதி. பேக்கர் என்பது டோனோபா ரயில்வேயின் ரிச்சர்ட் பேக்கர் பெயரால் வந்தது. இன்னும் தமாஷ், தெற்கே இன்னொரு ரயில் பாதையில் 1883 வாக்கில் நடந்தது. அங்கே ஸ்டேஷன்களுக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஆங்கில எழுத்து வரிசைப்படி ஏ-வுக்கு ஆம்பாய், பி-க்கு பிரிஸ்டல், சி-க்கு கேடிஸ், டி-க்கு டான்பி என்று வைத்துக்கொண்டே போனார்கள். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மாதிரி!

ஆக அதே பாலைவனத்தில் ரயில்வேக்காரர்கள் ஏ-யில் தொடங்கினார்கள், அறுபது வருஷம் கழித்து ஒரு மருந்து வியாபாரி இசட்டில் முடித்து வைத்தார். இரண்டிலும் மண்ணைப் பற்றிய செய்தி எதுவும் கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ரயில்வேயின் பெயர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆம்பாய் என்று போட்டால் அங்கே ரயில் நிற்கும். ஜைசிக்ஸ் என்று போட்ட இடத்தில் ஆரோக்கியம் கிடைக்கும் என்றார்கள். அது கிடைக்கவில்லை.

ஸ்பிரிங்கர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டார், பாதிரியார் என்றும் சொல்லிக்கொண்டார். இரண்டுக்கும் உரிய படிப்போ பட்டமோ அவரிடம் இல்லை. இதை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1930-களிலேயே விசாரித்து வெளியிட்டுவிட்டது. 1969-ல் அதே சங்கம் அவரைப் 'போலி வைத்தியர்களின் ராஜா' என்றே குறிப்பிட்டது. அவர் விற்ற சரக்குகளில் 'ஆன்டிடிலூவியன் டீ' ஒன்று. பைபிளில் வரும் நோவாவின் பிரளயத்துக்கும் முந்திய டீ என்று அர்த்தம். விசாரித்தால் அது வெறும் பேதி மருந்து. 'மோஹேர்' என்று வழுக்கைக்கு ஒரு களிம்பு. அதைத் தலையில் தேய்த்துவிட்டுக் குனிந்து நின்று, முடிந்த மட்டும் மூச்சை அடக்க வேண்டுமாம். முகத்தில் ரத்தம் ஏறிச் சிவக்கும், மருந்து வேலை செய்கிறது என்று நம்பத் தோன்றும். முடி முளைக்காது.

இடத்தைப் பிடித்த விதமும் கில்லாடித்தனம்தான். அது அரசு நிலம். நம்மூர் பாஷையில் சொன்னால் புறம்போக்கு. 1872-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தின் கீழ், கனிமம் எடுக்கப் போவதாக ஒரு விண்ணப்பம் எழுதிப் பதிவு செய்துவிட்டால் இடத்தை வைத்துக்கொள்ளலாம் என்ற ஓட்டையைப் பிடித்துக்கொண்டார். கனிமம் எதையும் தோண்டவில்லை. அதற்குப் பதில் லாஸ் ஏஞ்சலிஸில் 'ஸ்கிட் ரோ' என்று அழைக்கப்படும் வீடற்றவர்கள் பகுதியிலிருந்து ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி வந்து, சோறும் தங்க இடமும் கொடுத்துக் கட்டட வேலை வாங்கினார். ஹோட்டல், சர்ச், ரேடியோ ஸ்டூடியோ, சிலுவை வடிவத்தில் குளியல் தொட்டி எல்லாம் எழும்பின. நடுவில் போகும் சாலைக்குப் பெயர் 'கனவுகளின் பெருவீதி'. வெந்நீர் ஊற்றுக் குளியல் என்று விளம்பரம் செய்தார். அங்கே இயற்கையான வெந்நீர் ஊற்று கிடையாது. பாய்லரில் சுட வைத்த தண்ணீர்தான் குழாயில் வந்தது.

முப்பது வருஷம் இப்படியே ஓடியது. அவருடைய ரேடியோ நிகழ்ச்சி நூற்றுக்கணக்கான நிலையங்களில் ஒலித்தது. மருந்துக்கு விலை என்று கேட்கவில்லை. முடிந்த காணிக்கை அனுப்புங்கள் என்றுதான் கேட்டார். பணம் தபாலில் வந்து குவிந்தது. பேராசை வந்து, நிறையக் கொடுத்தவர்களுக்கு வீடு கட்டிக்கொள்ள அங்கேயே மனை ஒதுக்க ஆரம்பித்தார். பட்டாவே இல்லாத நிலத்தைப் பங்கு போட்டால் சும்மா விடுவார்களா? அப்போதுதான் அரசாங்கம் கண்ணைத் திறந்தது. உணவு, மருந்து பற்றிப் பொய் விளம்பரம் செய்த வழக்கில் 49 நாள் ஜெயில். நில வழக்கிலும் தோல்வி. 1974-ல் அவரையும் அங்கிருந்தவர்களையும் வெளியேற்றினார்கள். 1985-ல் லாஸ் வேகாஸில் இறந்தார்.

கட்டடங்களை 1976-ல் கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி எடுத்துக்கொண்டது. இன்று அங்கே பாலைவன ஆய்வு மையம் நடக்கிறது. பாம்பு, பல்லி, பாறை, நட்சத்திரம் என்று படிக்க வரும் மாணவர்கள், நோயாளிகள் தூங்கிய அறைகளில் தூங்குகிறார்கள். 1994-ல் சுற்றியுள்ள பகுதி மொஹாவி தேசியப் பாதுகாப்புப் பகுதி ஆனது.

எல்லாம் போனது. மருந்து போனது, ரேடியோ போனது, நிலம் போனது, ஆளும் போய்ச் சேர்ந்தார். பெயர் மட்டும் ஜெயித்தது. ஊர், மலை, ஆறுகளின் பெயர்களை அதிகாரப்பூர்வமாக முடிவு செய்ய அமெரிக்காவில் 1890 முதல் ஒரு வாரியம் இருக்கிறது. அந்த வாரியம் 1984-ல், ஸ்பிரிங்கரை வெளியேற்றிப் பத்து வருஷம் கழித்து, ஜைசிக்ஸ் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க ஊர்ப் பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கினால் கடைசியில் வருவது இதுதான். அகராதி ஏற்காத 'கடைசி வார்த்தை'யை அரசாங்கப் பட்டியல் ஏற்றுக்கொண்டது. அந்த மனிதர் சொன்ன பொய்களில் ஒன்றே ஒன்று உண்மையாகிவிட்டது என்றால், அது இதுதான்.

இங்கேதான் கேள்வி வருகிறது. நிலத்தைப் பறித்த அரசாங்கம் பெயரை ஏன் பறிக்கவில்லை?

'பழகிவிட்டது' என்பது ஒரு பதில். அது ஓரளவு நியாயமும்கூட. 'வேடிக்கையாக இருக்கிறது' என்பது இன்னொரு பதில். அதுதான் ஆபத்தானது. இந்தப் பெயரின் வசீகரத்தால் அதைச் சுற்றி ஒரு குட்டி உலகமே உருவாகிவிட்டது. மைக்கேல் கானலி 2004-ல் ஒரு துப்பறியும் நாவலில் இந்த இடத்தைக் களமாக்கினார். 2006-ல் இந்தப் பெயரைக் கொஞ்சம் மாற்றி ஒரு சினிமா வந்து, அமெரிக்கத் தியேட்டரில் மொத்தமே 30 டாலர் வசூல் செய்து சாதனை படைத்தது. பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுக்கிறவர்களுக்குக் குறைவில்லை. கதை சொல்லச் சொல்ல ஸ்பிரிங்கர் ஒரு வினோதமான, ரசிக்கத்தக்க கிழவராக மாறிக்கொண்டே போகிறார். ஏமாந்தவர்கள் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். டாக்டரிடம் போகாமல் டீ பாக்கெட்டுக்குப் பணம் அனுப்பியவர்களுக்குப் பலகை இல்லை. கூலிக்குப் பதில் சோறு வாங்கிக்கொண்டு சுவர் எழுப்பியவர்களின் பெயரில் ஒரு சந்துகூட இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அங்கே வந்து தங்கிய முதியவர்கள் பலர் சந்தோஷமாகவே இருந்தார்கள். நேரத்துக்குச் சாப்பாடு, ஆட்டுப்பால், வெந்நீர்க் குளியல், சாராயத்துக்குத் தடை, பேச்சுத் துணை. தெருவில் கிடந்த சிலருக்கு ஒரு கூரை கிடைத்தது. அவர் வெட்டி வைத்த குளத்தில் மொஹாவி டூயி சப் என்ற மீன் இன்றும் வாழ்கிறது. மொஹாவி நதிக்கே சொந்தமான மீன் அது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மீனோடு கலந்து நதியில் அழிந்துவிட்டது. 1970-ல் அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. கலப்பில்லாமல் மிஞ்சிய கொஞ்சம் மீன்களும் சோடா ஸ்பிரிங்ஸ் ஊற்று நீரில்தான் இருந்தன. ஊருக்கெல்லாம் போலி மருந்து கொடுத்தவர் வெட்டிய குளம், உண்மையிலேயே ஓர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மனிதரை முழுக்க அரக்கனாக வரைந்துவிட முடியாது என்பதற்கு இது போதும்.

ஆனால் இதையும் கவனிக்க வேண்டும். மீனைக் காப்பாற்றியது பெயர் இல்லை, தண்ணீர். மொஹாவி மக்களையும் பாதிரியாரையும் ரயிலையும் ஸ்பிரிங்கரையும் அங்கே இழுத்ததும் தண்ணீர். அந்தத் தண்ணீரைச் சொல்லும் பெயர்தான் நெடுஞ்சாலைப் பலகையில் இல்லை.

அதனால் ஜைசிக்ஸ் என்ற பெயரை அழிக்க வேண்டும் என்பது சரியான தீர்வாகப் படவில்லை. மோசமானவர்கள் வைத்த பெயர்களையெல்லாம் அழிக்க ஆரம்பித்தால் வரைபடத்தில் பாதி காலியாகிவிடும். தவிர, பெயரை எடுத்துவிட்டால் மோசடி நடந்ததற்கான சாட்சியும் சேர்ந்து போய்விடும். இன்றைக்குக் கேள்வி கேட்க வைப்பதே அந்த விசித்திரமான பெயர்தானே? செய்ய வேண்டியது சின்ன விஷயம். பலகையில் ஜைசிக்ஸ் என்பதற்குக் கீழே சோடா ஸ்பிரிங்ஸ் என்று இன்னொரு வரி. ஊற்றுக்குப் பக்கத்தில், யார் யார் இந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், யார் இதைக் காட்டி ஏமாற்றினார், யார் ஏமாந்தார்கள் என்று மறைக்காமல் சொல்லும் ஒரு கல். பெயிண்ட் செலவும் கல் செலவும் தவிர வேறு நஷ்டம் கிடையாது.

இது எங்கேயோ கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு சாலையின் பிரச்சினை மட்டும் இல்லை. கவர்ச்சியான பெயர் வைத்தால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி என்பது ஸ்பிரிங்கருக்கு 1944-லேயே தெரிந்திருந்தது. முடி வளர்க்கும் எண்ணெய், ஒரே வாரத்தில் உடம்பு இளைக்கும் பொடி, சர்க்கரை வியாதியை ஓட ஓட விரட்டும் கஷாயம் என்று விற்கிறவர்களுக்கு இன்றும் தெரிந்திருக்கிறது. ரேடியோ போய் செல்போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். ஒரு பெயர் காதில் விழுந்ததும் 'அட!' என்று சொல்ல வைத்தால், அதை வைத்தவருக்கு என்ன லாபம், அதற்கு முன்னால் அங்கே என்ன பெயர் இருந்தது என்று இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

சோடா ஸ்பிரிங்ஸ் என்ற பெயருக்கு இந்த இரண்டு கேள்வியும் கேட்டால் உடனே பதில் கிடைக்கும். வைத்தவருக்குத் தனி லாபம் எதுவும் இல்லை. லாபமெல்லாம் தாகத்தோடு அடுத்து வருகிறவனுக்கு.